பெங்களூர் கவர் பேண்டில் பேஸ் வாசிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் ஒயிட்ஃபீல்டில் ஐடி வேலை, வெள்ளி சனி இரவுகளில் கவர் பேண்டில் பேஸ் கிட்டார். பல வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. ஆபீஸ் கேன்டீன், வாடகைக்கு எடுத்துப் பயிற்சி செய்யும் ஜாம் ரூமின் வாசல், ஊரில் கல்யாண வீடு என்று எங்கே போனாலும் பேஸைப் பற்றி அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். கவர் பேண்ட் என்றால் ஏற்கெனவே வந்த பாட்டுகளை மேடையில் வாசிக்கும் குழு. நம் பக்கம் லைட் மியூசிக் ட்ரூப் என்பார்களே, அதே குடும்பம்தான்.

பேஸ் என்றால் நாலு கம்பி உள்ள கிட்டார், அவ்வளவுதானே?

கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளை ஒரு ஸ்தாயி கீழே இறக்கினால் வருவதுதான் பேஸின் ஈ, ஏ, டி, ஜி என்ற மேற்கத்திய ஸ்வரங்கள். கீழ் ஈ கம்பியை விரல் வைக்காமல் அடித்தால் நொடிக்கு 41 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த சத்தம் தெளிவாக வர வேண்டுமானால் கம்பி நீளமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும், அதனால்தான் பேஸின் கழுத்து அத்தனை நீளம். கம்பி தலைப்பக்கம் தாங்கி நிற்கும் நட்டிலிருந்து உடம்புப் பக்கம் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் வரை வழக்கமாக 34 அங்குலம். 1951இல் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்.

கம்பிக் கணக்கை விட வேலைதான் பெரிய வித்தியாசம். பேஸ் ஒரு காலைத் தாளத்திலும் இன்னொரு காலைச் சுருதியிலும் வைத்திருக்கிறது. கீபோர்டு வாசிப்பவர் சி, ஈ, ஜி மூன்றையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று வையுங்கள், கேட்கிறவர் காதுக்கு அது சி மேஜர் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு. நான் கீழே ஏ வாசித்தேன் என்றால் அடுத்த நொடியே அது ஏ மைனர் செவன்த் ஆகிவிடும், கீபோர்டில் ஒரு விரல்கூட அசையவில்லை! பாட்டின் மனநிலையை மாற்றுகிற அந்த அதிகாரம் கீழே இருக்கிறவர் கையில்தான் இருக்கிறது. அதைப் பொறுப்பாகப் பார்க்கிறவருக்கு இந்த வாத்தியம் நிச்சயம் பிடிக்கும்.

இளையராஜா பாட்டில் பேஸ் பிரமாதம் என்கிறார்கள், என் காதில் விழவே மாட்டேன் என்கிறதே?

மொபைல் ஸ்பீக்கரில் கேட்டால் விழாது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் இவ்வளவு தாழ்ந்த சத்தத்தைக் கொடுக்கவே முடியாது. சுமாரான ஹெட்ஃபோனாவது மாட்டிக்கொண்டு, எண்பதுகளின் ராஜா பாட்டு எதையாவது போடுங்கள். முதல் தடவை பாடுகிறவரைக் கவனிக்காமல் விடுங்கள், அடுத்த தடவை தபேலாவையும் வயலினையும் விடுங்கள். கீழே ஒருவர் தனியாக ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே போவது கேட்கும். குறிப்பாக இரண்டாவது இன்டர்லூடில் (பாட்டுக்கு நடுவே வரும் வெறும் இசைப் பகுதியில்) அவர் எங்கே போகிறார் என்று பாருங்கள். அதை வாயால் முனக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, விரல் பிறகு கற்றுக்கொள்ளும்.

ராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரகுமான் பக்கம் கீத் பீட்டர்ஸ், அப்புறம் மேடைகளில் மோகினி டே. நம் ஊரில் பேஸ் கற்கிற யாரும் இந்த மூன்று பேரையும் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கட்சி. வெளியே போனால் மோடவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் ரெக்கார்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். வலது கையில் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அத்தனையும் வாசித்திருக்கிறார். விரல் வேகம் போதவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

எந்த பேஸ் வாங்கலாம்? எவ்வளவு ஆகும்?

புதிதாக வாங்கினால் பதினைந்திலிருந்து இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் மேடைக்கே போகக்கூடிய வாத்தியம் கிடைக்கிறது. யமஹா, ஐபனெஸ், கோர்ட், ஸ்க்வையர் எல்லாவற்றிலும் ஆரம்ப மாடல்கள் உண்டு. பெங்களூரில் பழைய பேஸ் சந்தையும் நன்றாகவே இருக்கிறது, ஊரை விட்டுப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போவார்கள். பழையது வாங்கப் போனால் கழுத்து நேராக இருக்கிறதா என்று பாருங்கள். கீழ் ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட்) கழுத்து உடம்போடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு என்றால் நல்லது. அதைவிட மிக அதிகமாக இருந்தால் கழுத்தை நேராக்க உள்ளே வைத்திருக்கும் கம்பியான ட்ரஸ் ராடு வேலை செய்கிறதா என்று தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கடையில் வாங்கிய அன்றே ஒரு செட்டப் செய்துவிடுங்கள். கம்பி உயரத்தைச் சரியாக இறக்கினால் பத்தாயிரம் ரூபாய் பேஸ்கூட விரலுக்கு இதமாகிவிடும்.

நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

இதற்கு வெளிநாட்டு வீடியோக்களில் கிடைக்கும் பதில் நமக்குப் பாதிதான் பொருந்தும். அவர்கள் ராக் பாட்டில் ஈ, ஏ என்று போகிறார்கள், நாலு கம்பி போதும். நம் பாடகர்கள் தங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறவர்கள். ஒரு கட்டை என்றால் சி, ஒன்றரை சி ஷார்ப், இரண்டு டி, நாலு எஃப், ஐந்து ஜி. கர்நாடக சங்கீதம் கற்ற ஆண் குரல்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று இந்தப் பக்கம்தான் சுற்றும். இந்த மூன்று ஸ்வரமும் நாலு கம்பி பேஸின் கடைசி ஈக்குச் சற்றே கீழே இருக்கின்றன! ஆகவே பாட்டு வந்து இறங்கும் முக்கியமான இடத்தில், கனமாக விழ வேண்டிய ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியதாகிறது, பாட்டு மெலிந்துவிடுகிறது.

ஐந்தாவது கம்பி கீழ் பி, 31 ஹெர்ட்ஸ் பக்கம். அது இருந்தால் சி, சி ஷார்ப், டி மூன்றும் கைக்குள். பாடுகிறவர் மேடையிலேயே திரும்பி "இன்னிக்கு தொண்டை சரியில்ல, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?" என்று கேட்டாலும் கவலை இல்லை. தமிழ்ப் பாட்டு அதிகம் வாசிக்கும் பேண்ட் என்றால் அஞ்சு கம்பிக்கே என் ஓட்டு. ஆங்கில ராக் மட்டும் என்றால் நாலே அழகு.

ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) வாங்க வேண்டுமா?

உடனே வேண்டாம். அபார்ட்மென்டில் பெரிய ஆம்ப் வைத்தால் உங்களுக்கு முன்னால் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்கும், தாழ்ந்த சத்தம் சுவரை மதிப்பதில்லை. ஹெட்ஃபோன் செருகும் சின்ன ஆம்ப் போதும். ஜாம் ரூமில் ஆம்ப் அவர்களே வைத்திருப்பார்கள், வாடகை மணிக்குச் சில நூறு ரூபாய். பப்பில் பெரும்பாலும் பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி வழியாக நேராக மிக்ஸருக்குப் போய்விடும்.

ஒரு விஷயத்தை மட்டும் புரிந்துகொள்ளுங்கள். 41 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். பப்பின் அகலமே சில இடங்களில் அவ்வளவுதான் இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் அடங்கிப்போகும். மூலையில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது அடைக்கும்போது நடு மேஜைக்குப் பேஸே கேட்காது. சவுண்ட் செக்கின்போது நீளமான கேபிளோடு மேடையை விட்டு இறங்கி, வாசித்துக்கொண்டே ஹாலில் நாலு இடத்தில் நின்று கேளுங்கள். அப்புறம்தான் குமிழைத் திருக வேண்டும்.

பெங்களூரில் பேண்ட் எப்படிக் கிடைக்கும்? எனக்கு யாரையும் தெரியாதே?

நீங்கள் பேஸ் என்று சொன்னாலே போதும், அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள். கிட்டாரிஸ்ட் தெருவுக்கு நாலு பேர், பேஸுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆபீஸ் ஆண்டு விழாவில் வாசிக்கும் குழுவில் சேருங்கள், ஜாம் ரூம் நோட்டீஸ் போர்டில் பெயரைப் போடுங்கள். ஃப்ரேசர் டவுன், லிங்கராஜபுரம், காக்ஸ் டவுன் பக்கம் தமிழ்ச் சர்ச்சுகளில் ஞாயிறு ஆராதனைக்கு வாசித்து வளர்ந்த இசைக்காரர்கள் நிறைய. வாரா வாரம் புதுப் பாட்டு, பாஸ்டர் எந்த ஸ்கேலில் தொடங்குவார் என்று தெரியாது, பாட்டு எப்போது முடியும் என்றும் தெரியாது. அந்தப் பயிற்சி பெற்றவர்களோடு வாசித்தால் நம் காதும் சேர்ந்து கூர்மையாகும். எனக்கு வாய்த்த நல்ல டிரம்மர்கள் எல்லோரும் அங்கிருந்து வந்தவர்கள்தான்.

பாட்டை எப்படிக் கற்றுக்கொள்வது? நோட்ஸ் வேண்டுமா?

காதுதான் முதல். இணையத்தில் கிடைக்கும் டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எண்ணால் காட்டும் குறிப்பு) ஆங்கிலப் பாட்டுக்கு ஓரளவு உதவும், தமிழ்ப் பாட்டுக்கு நம்பிப் போக முடியாது.

நான் செய்வது இதுதான். முதலில் வாத்தியத்தைத் தொடாமல் பாட்டைக் கேட்டு, ஒரே தாளில் அதன் எலும்புக்கூட்டை எழுதுவேன். முகப்பிசை எத்தனை பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்), பல்லவி எத்தனை தடவை, இன்டர்லூட், சரணம், மறுபடி பல்லவி. இன்டர்லூடில் பார் எண்ணிக்கை மிக முக்கியம், நம் பாட்டுகளில் அது நாலு, எட்டு என்று சமமாக வராது, திடீரென்று இரண்டு தட்டு கூடுதலாக வந்து நிற்கும். அடுத்து ஒவ்வொரு பாருக்கும் மூல ஸ்வரம். இதைச் சி, எஃப், ஜி என்று எழுதாமல் பாட்டின் ஸ்கேலில் எத்தனாவது ஸ்வரமோ அந்த எண்ணாக, 1, 4, 5 என்று எழுதுங்கள். பாடுகிறவர் கட்டையை மாற்றினாலும் தாள் மாறாது, கையை மட்டும் நகர்த்தினால் போதும். அதற்கப்புறம்தான் ரெக்கார்டில் உள்ள அசல் பேஸ் வரியைப் பிடிப்பேன்.

எல்லாவற்றையும் அப்படியே பிடிக்க வேண்டுமா என்று கேட்பார்கள். பாட்டை அடையாளம் காட்டுகிற இடங்களை அச்சு அசலாகப் பிடிக்க வேண்டும், அதில் சலுகையே கிடையாது. கூட்டத்தில் ஒருவர் அந்த ஓட்டத்தை இருபது வருஷமாக மனசுக்குள் வைத்திருப்பார், அதை நாம் கெடுக்கக் கூடாது. மற்ற இடங்களில் டிரம்மர் என்ன வாசிக்கிறாரோ அதோடு போங்கள். ரெக்கார்டில் முப்பது வயலின் இருந்த இடத்தில் நம்மிடம் ஒரு கீபோர்டுதான் இருக்கிறது, அந்த வெறுமையைக் கொஞ்சம் நாமும் நிரப்ப வேண்டியிருக்கும்.

டிரம்மரோடு சேர்ந்து வாசிப்பது என்றால் என்ன?

அவருடைய வலது காலைப் பாருங்கள். கிக் டிரம்மை மிதிக்கும் கால் அதுதான். நான் எப்போதும் அவர் ஹை-ஹாட் (மிதித்தால் மூடும் ஜோடித் தட்டு) பக்கம், அந்தக் கால் தெரிகிற இடத்தில் நிற்பேன். மிதி விழுவதும் என் விரல் விழுவதும் ஒன்றாகிவிட்டால் இரண்டு வாத்தியம் என்று கேட்காது, நெஞ்சில் ஒரே அடியாக விழும்.

எங்கே நிறுத்துகிறோம் என்பதற்கும் அதே அளவு மதிப்பு உண்டு. ஸ்வரம் தொடங்கும் நேரத்தை எல்லோரும் பழகுகிறார்கள், முடியும் நேரத்தைப் பழகுகிறவர் குறைவு. ஸ்னேர் (குச்சியால் அடிக்கும் கூர்மையான சத்தமுள்ள டிரம்) விழும் முன் இடது கையை லேசாகத் தூக்கிக் கம்பியை அடக்கிப் பாருங்கள், அதே பாட்டு துள்ள ஆரம்பிக்கும். தாளத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து, இரண்டாவது நாலாவது தட்டில் மட்டும் அடிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரே ஸ்வரத்தை வாசித்துப் பழகுங்கள். அலுப்பான பயிற்சிதான், பலன் கண்கூடு.

மேடையில் பாடகர் இடம் மாறிப் பாடிவிட்டால்?

நடக்கும். கோரமங்களாவில் ஒரு மொட்டைமாடி பப்பில் இன்டர்லூட் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது, எதிரே யாரோ கை காட்டியதைப் பார்த்துப் பாடுகிறவர் நேராக இரண்டாவது சரணத்தைத் தொடங்கிவிட்டார். கீபோர்டு இன்னும் புல்லாங்குழல் பகுதியில் இருக்கிறது, கிட்டார் தயங்கி நின்றுவிட்டது. டிரம்மர் என்னைப் பார்த்தார். சரணத்தின் முதல் ஸ்வரத்தை அழுத்தமாக வாசித்து நீளமாகப் பிடித்து நின்றேன், அவர் ஒரு ரோலைப் போட்டு அந்த இடத்தில் வந்து சேர்ந்தார், அடுத்த பாருக்குள் கீபோர்டும் வந்துவிட்டது. மேஜைகளில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

விதி எளிது. பாடுகிறவர் எங்கே போகிறாரோ அங்கேதான் பாட்டு. யார் தப்பு என்பதை ஜாம் ரூமில் பேசிக்கொள்ளலாம். பேஸ் முதலில் அங்கே போய் நின்றால் மற்றவர்கள் வந்துவிடுவார்கள், பேஸ் தடுமாறினால் மொத்தக் குழுவும் கலையும்.

என்னென்ன மொழியில் வாசிக்க வேண்டியிருக்கும்?

பெங்களூர் கூட்டம் எல்லாம் கேட்கும். இது பழைய ராக் ஊர். அரண்மனை மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிக்காவும் வந்து வாசித்திருக்கிறார்கள். ஆகவே முதல் செட்டில் ஆங்கிலம், அப்புறம் ஹிந்தி, தமிழ், நடுவே மலையாளம். கன்னடப் பாட்டு கட்டாயம், "ஒந்து கன்னட ஹாடு ஹாகி சார்" என்று சீட்டு வந்துவிடும். வருவதற்கு முன்பே வாசித்துவிடுவது மரியாதை. நவம்பர் 1 ராஜ்யோத்சவம், அந்த மாதம் முழுக்க ஆபீஸ்களிலும் அபார்ட்மென்ட்களிலும் விழா நடக்கும். குறைந்தது பத்து நல்ல கன்னடப் பாட்டுகள்கூடக் கையில் இல்லாத பேண்டுக்கு நவம்பரில் வேலை இல்லை. இந்த ஊர்ச் சோறு சாப்பிடுகிறோம், இந்த ஊர்ப் பாட்டை நன்றாக வாசிக்க வேண்டாமா?

காசு வருமா?

கொஞ்சம் வரும். சாதாரண பப் இரவுக்கு ஆளுக்கு ஆயிரம், இரண்டாயிரம். கம்பெனி விழா, கல்யாணம் என்றால் அதைவிட நன்றாக இருக்கும். ஜாம் ரூம் வாடகை, ஆட்டோ, கம்பி செலவு எல்லாம் போக மிச்சம் அதிகம் நிற்காது. இதை நம்பி வேலையை விடாதீர்கள். ஆனால் இலவசமாகவும் வாசிக்காதீர்கள். "எக்ஸ்போஷர் கிடைக்கும்" என்று சொல்லிக் கூப்பிடுகிற இடத்துக்கு நீங்கள் போனால், இதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒருவருடைய ஒரு ராத்திரிச் சம்பளம் போகிறது.

அடுத்தவர் பாட்டை வாசிக்க அனுமதி வேண்டுமா? பத்து மணிக்கு ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்?

பொது இடத்தில், வியாபார நிகழ்ச்சியில் வாசித்தால் உரிமம் வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் சார்பில் அதைக் கொடுப்பது 1969இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் அமைப்பு. வழக்கமாக பப்போ நிகழ்ச்சி நடத்துகிறவரோதான் எடுப்பார்கள், ஆனால் "எடுத்தாச்சா?" என்று கேட்டுவிடுவது நல்லது. 2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது நினைவிருக்கும். கல்யாணத்துக்கும் அதை ஒட்டிய கொண்டாட்டத்துக்கும் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது.

பத்து மணி விவகாரம் 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகளால் வந்தது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மொட்டைமாடி பப் என்றால் நல்ல பாட்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள், 9.40க்கே வாசித்துவிடுங்கள்.

காதுக்கு ஏதாவது ஆகுமா?

ஆகும், அதனால் இதை விளையாட்டாக எடுக்காதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் வரையறை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் பதினைந்து நிமிஷம்தான். மூடிய ஜாம் ரூமில் டிரம்ஸ் பக்கத்தில் நின்றால் அந்த அளவை வெகு சீக்கிரம் தொட்டுவிடுவோம். இசைக்காரர்களுக்கென்றே வரும் இயர்பிளக் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் குறைக்கும். போன காது திரும்பி வராது. காது போனால் இந்த வாத்தியத்தில் நமக்கு வேறென்ன இருக்கிறது?

சொந்தப் பாட்டு இல்லாமல் அடுத்தவர் பாட்டையே வாசிப்பது என்ன பெருமை?

இந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவைக்கும். பீட்டில்ஸ் ஹாம்பர்க் கிளப்புகளில் ராத்திரி ராத்திரியாக வாசித்தது பெரும்பாலும் அடுத்தவர் பாட்டைத்தான். 1963இல் வந்த அவர்கள் முதல் ஆல்பத்தில்கூட 14 பாட்டில் 6 பிறருடையது. ஆனால் நான் அந்தச் சாக்கைச் சொல்ல வரவில்லை, கவர் வாசிப்பது எதற்காவது ஏணி என்று காட்ட வேண்டிய அவசியமே இல்லை. நல்ல பாட்டை நன்றாக வாசிப்பது முழுமையான வேலை. ஊரை விட்டு வந்து பேயிங் கெஸ்டில் தங்கியிருக்கும் ஒரு பையன், தன் அப்பா காரில் போட்ட பாட்டை இங்கே நேரில் கேட்டுக் கூடவே பாடுகிறான். அந்தப் பாட்டின் அடித்தளத்தை அந்த நேரத்தில் தாங்கிக்கொண்டிருப்பது என் நாலு விரல். எனக்கு அது போதும்.

வேலை, வீடு, இதெல்லாம் எப்படிச் சமாளிப்பது?

மாதத்துக்கு எத்தனை ஷோ என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அதை மீறாதீர்கள். ஆபீஸிலிருந்து எந்நேரமும் அழைப்பு வரக்கூடிய ஆன்-கால் வாரத்தில் ஷோ ஒப்புக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒயிட்ஃபீல்டிலிருந்து கோரமங்களா போக எத்தனை நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே காலையிலேயே பேஸை ஆபீஸுக்கு எடுத்துப் போய்விட்டு நாலு மணிக்குக் கிளம்புங்கள். பைக்கில் போனால் பேஸின் தலை உங்கள் ஹெல்மெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தாழ்ந்த மரக்கிளையும் பேஸ்மென்ட் பார்க்கிங் கூரையும் ஜாக்கிரதை.

நாற்பது வயதில் தொடங்கலாமா?

தாராளமாக. எளிய பாட்டுகளோடு ஒரு வருஷத்தில் மேடையேறியவர்களைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டை மடக்காமல் நேராக வையுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். 34 அங்குலம் எட்டவில்லை என்றால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பேஸ் இருக்கிறது, சத்தத்தில் குறை சொல்ல முடியாது.

ஷோ அன்று பையில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு கேபிள், ட்யூனர், ஒரு செட் கம்பி, ஆலன் கீ, நீளமான எக்ஸ்டென்ஷன் போர்டு, வியர்வை துடைக்கத் துணி. உள்ளே பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பேஸ் என்றால் புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று. செட்டுக்கு நடுவே இடைவேளையில் பேஸிலிருந்து கேபிளைக் கழற்றி வையுங்கள், செருகியே இருந்தால் வாசிக்காவிட்டாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.